நாற்பது நூல், ஓர் உடல்: பார்வையாளர் பங்கேற்கும் நிகழ்த்துகலையை அமைப்பது எப்படி

உடலைக் களமாக வைத்து, செயலைப் பார்வையாளர் கையில் ஒப்படைக்கும் நிகழ்த்துகலையில் கலைஞரின் வேலை முக்கால்வாசி நிகழ்வுக்கு முன்பே முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். மேசையில் என்ன வைத்தோம், அட்டையில் என்ன எழுதினோம், யாரை எங்கே நிறுத்தினோம் என்பவைதான் அடுத்த ஒன்றரை மணி நேரத்தை நடத்தும். கூட்டம் எல்லை மீறிவிட்டது என்று பிறகு புலம்புகிறவர்களில் பலர் எல்லையே போடாமல் போய் உட்கார்ந்தவர்கள்.

முன்னோடிகள் இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். யோகோ ஓனோ 1964இல் கியோட்டோவில் மேடையில் உட்கார்ந்து முன்னால் ஒரு கத்தரிக்கோலை வைத்தார். வருகிறவர் அவருடைய உடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு கருவி, ஒரு செயல். 1965இல் நியூயார்க்கில் அதையே செய்தபோது ஓர் இளைஞர் உள்ளாடையின் தோள்பட்டிகளையும் வெட்டினார். ஓனோ கையை உயர்த்தி மார்பை மறைத்துக்கொண்டார். அந்தக் கை அசைவு படைப்பைக் கெடுக்கவில்லை. மெரினா அப்ரமோவிச் 1974இல் நேப்பிள்ஸில் 72 பொருட்களை மேசையில் பரப்பி, அவற்றை என் மீது விருப்பம்போல் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது என்று அறிவித்து 6 மணி நேரம் நின்றார். ரோஜாவும் இறகும் தேனும் இருந்தன. கத்தியும், துப்பாக்கியும், ஒரு தோட்டாவும் இருந்தன. உடையைக் கிழித்தார்கள், தோலைக் கீறினார்கள், துப்பாக்கியை அவர் மீதே குறிவைத்தார்கள். வரம்பே இல்லாவிட்டால் கூட்டம் எதுவரை போகும் என்பது அந்தப் படைப்பின் கேள்வி. அதற்கு 1974லேயே விடை வந்துவிட்டது. இன்று அதே மேசையை மறுபடி பரப்புவது துணிச்சலுமில்லை, புதுமையுமில்லை.

செயல் சின்னதாக இருந்தால் படைப்பும் சின்னதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மியர்லே லேடர்மன் யூகிலிஸ் 1979-80இல் நியூயார்க் நகரின் துப்புரவுப் பணியாளர்கள் 8,500க்கும் மேற்பட்டவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கைகுலுக்கி நன்றி சொன்னார். செய்தது கைகுலுக்கல் மட்டும்தான்.

கீழே விளக்கியிருப்பது நூல் கட்டும் நிகழ்வு. கலைஞர் நடுவில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர் ஒரு நூலின் ஒரு முனையை அவர் உடலில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மொத்தம் 40 நூல், 90 நிமிடம். ஒருவருக்குச் சராசரி இரண்டு நிமிடம் என்றால் 80 நிமிடத்தில் நூல் தீர்ந்துவிடும். பத்து நிமிடம் கையிருப்பு. வேறு பொருளை வைத்துச் செய்ய நினைப்பவருக்கும் இந்தக் கணக்குகள் உதவும்.

நூல்

நைலான், பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். இழுத்தால் அறுபடாமல் தோலை அறுக்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, தளர முறுக்கிய பருத்தி நூல்தான் சரி. தடிமன் கூடினால் அழுத்தம் பரவும்; முறுக்கு தளர்ந்திருந்தால் சீக்கிரம் அறுபடும். வாங்கியதும் சோதித்துப் பாருங்கள்: 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி மெதுவாகத் தூக்கினால் தாங்க வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் அறுபட வேண்டும். வெடுக்கென்று இழுத்தும் தாங்குகிறது என்றால் அந்த நூல் ஆகாது.

மூன்று மீட்டர் நீளத்தில் 40 துண்டுகளாக வெட்டி, தனித்தனியாகச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். கண்டாக வைத்தால் முதல் ஆளே பத்து மீட்டர் இழுத்துச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்.

நூலில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரு சுற்று தளர்வாக இருக்கிறதே என்று அடுத்ததையும் விடுவோம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துச் சுற்று விழுந்ததும் அவை சேர்ந்து இறுக்கத் தொடங்கும். போதாக்குறைக்கு, அசையாமல் வைத்திருக்கும் கை நேரம் போகப் போக லேசாக வீங்கும். முதல் நிமிடத்தில் விரல் நுழைந்த வளையம் நாற்பதாவது நிமிடத்தில் தோலில் பதிந்திருக்கும். தப்பிக்க எளிய வழி: மணிக்கட்டிலோ முன்கையிலோ கட்டும்போது முஷ்டியை இறுக்கி வையுங்கள், கட்டியவர் நகர்ந்ததும் தளர்த்துங்கள். இறுகியிருந்த தசை இளகும்போது வளையமும் இளகும். மார்பைச் சுற்றிக் கட்டும்போது பாதி மூச்சை உள்ளே நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டுகிறவர் கண்ணுக்கு இது எதுவும் படாது.

நாற்காலியும் மர உருண்டையும்

சக்கரம் வைத்த நாற்காலி, முக்காலி, மடக்கு நாற்காலி மூன்றும் விலக்கு. இருபது பேர் பிடித்திருக்கும் நூலில் ஒவ்வொன்றும் அறுபடும் முன் இரண்டு கிலோ இழுவை தாங்கினால், எல்லோரும் ஒரே பக்கம் சாயும் நொடியில் 40 கிலோ இழுக்கும். முக்காலி கவிழ்ந்துவிடும். நான்கு கால் ஊன்றிய, கைவைத்த, கனமான மர நாற்காலி வேண்டும். கைப்பிடிக்குக் கீழே பலகை அடைத்திருந்தால் இன்னும் நல்லது. இடைவெளி இருந்தால் கையையும் நாற்காலியையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அங்கே நூல் நுழைகிறது, அதனால் நுழைக்கிறார்கள்.

இருக்கையில் 4 சென்டிமீட்டர் நுரைமெத்தை போட்டுத் துணியால் மூடுங்கள். உள்ளங்கால் முழுதாகத் தரையில் படிய வேண்டும். படியாவிட்டால் கீழே பலகை போடுங்கள். கால் மேல் கால் போட்டால் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக ஓடும் நரம்பு அழுந்திப் பாதம் மரத்துப்போகும். முழங்கை விளிம்பில் கை அழுந்தினால் சுண்டுவிரல் பக்கம் மரக்கும். அதற்குக் கைப்பிடியிலும் மெத்தை ஒட்டுங்கள்.

இடது முன்கை கைப்பிடி மேல், மணிக்கட்டு கைப்பிடியின் நுனியைத் தாண்டி வெளியே, உள்ளங்கை கீழ்நோக்கி. முஷ்டிக்குள் 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மர உருண்டை. நேர் கீழே தரையில் ஓர் எவர்சில்வர் தட்டு. உருண்டை விழுந்தால் நிகழ்வு முடிந்தது என்று பொருள்.

வாயால் ஒரு சொல் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். மயக்கம் வந்தவரால் சொல்ல முடியாது. அசையாமல் இருப்பதே நிகழ்வு என்னும்போது மயக்கத்தையும் அமைதியையும் பார்வையாளரால் பிரித்தறிய முடியாது. அப்ரமோவிச் 1974இல் பெல்கிரேடில் தீ மூட்டிய நட்சத்திர வடிவ மரச்சட்டத்தின் நடுவே படுத்திருந்தபோது, தீ பிராணவாயுவை உறிஞ்சியதால் நினைவிழந்தார். கூட்டத்துக்கு அது உடனே தெரியவில்லை. தீ அருகில் வந்தும் அவர் அசையாததைக் கண்ட பிறகுதான் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். உருண்டைக்கு நினைவு தேவையில்லை. கை தளர்ந்தால் தானாக விழும், தட்டில் ‘டங்’ என்று கேட்கும். கட்டும் நேரத்தில் முஷ்டியை இறுக்கவும் அதுவே சாக்கு. வியர்வையில் நழுவித் தவறி விழுந்தாலும் நிகழ்வை முடித்துத்தான் ஆக வேண்டும். தவறி விழுந்தது என்று எடுத்துக் கொடுத்து ஒருமுறை தொடர்ந்துவிட்டால், அடுத்த முறை உண்மையிலேயே விழும்போது யாரும் நூலை விடமாட்டார்கள்.

அட்டை

நிகழ்வின் உண்மையான எழுத்துப்பிரதி இதுதான். ஐந்து வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. A3 தாளில், இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்கும்படி:

மேசையில் ஒரு நூல் பெற்றுக்கொள்ளுங்கள்.
ஒரு முனையை இவர் உடலில் கட்டுங்கள். கழுத்து, முகம், விரல்கள் வேண்டாம்.
மறுமுனையைப் பிடித்தபடி வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள்.
போகும்போது நூலை இன்னொருவரிடம் கொடுங்கள், அல்லது கீழே விடுங்கள்.
மர உருண்டை விழுந்தால் எல்லோரும் நூலை விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு சொல்லிலும் விஷயம் இருக்கிறது. ‘கட்டலாம்’ என்று எழுதினால் கூச்சப்பட்டு ஒதுங்குவார்கள். துணிந்தவர் மட்டும் வருவார், துணிந்தவர் மட்டும் வரும் கூட்டம் நல்ல கூட்டமில்லை. ‘கட்டுங்கள்’ என்றால் பாட்டியும் வருவார். ‘கூடாது’ என்பது சிலருக்குச் சவால். ‘வேண்டாம்’ என்பது கேட்டுக்கொள்வது. ‘இவர்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். உடலில் கட்டுங்கள் என்று மட்டும் இருந்தால் நாற்காலியில் இருப்பது பொருளாகிவிடுகிறது. ‘விருப்பம்போல்’, ‘என்ன வேண்டுமானாலும்’ இரண்டும் அட்டைப் பக்கமே வரக்கூடாது.

அட்டையை நிகழ்வுக்கு முன் ஐந்து பேரிடம் காட்டுங்கள். கலைப் பழக்கம் இல்லாதவர்களாக இருக்கட்டும். படித்துவிட்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால் வாக்கியத்தை மாற்றுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள்.

இடமும் ஆட்களும்

நாற்காலியை மையமாக வைத்து 2 மீட்டர் ஆரத்தில் தரையில் டேப் ஒட்டி வட்டம் போடுங்கள். மூன்று மீட்டர் நூலில் கட்டுக்கும் பிடிக்கும் போக மீதி சரியாக அந்த வட்டத்தைத் தொடும். வட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நூல் மேசை வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். நூலை வாங்கிக்கொண்டு நாலைந்து எட்டு நடந்து வரும் தூரத்தில்தான் ஒருவர் என்ன செய்யப்போகிறார் என்று முடிவெடுக்கிறார். மேசை நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த யோசனைக்கு இடமே கிடைக்காது. அவசர வழியை நூல் மறிக்காதபடி ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள்.

குறைந்தது மூன்று உதவியாளர்கள். நூல் மேசையில் இருப்பவர்தான் உண்மையான காவலர், ஆனால் காவலர் மாதிரித் தெரியக்கூடாது. அவர் நூலை ஒவ்வொன்றாகக் கையில் தருவார். நிகழ்வின் வேகம் முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது. கூட்டம் சூடாகிறது என்றால் அடுத்த நூலைத் தேடுவதுபோல் முப்பது நொடி எடுத்துக்கொள்ளலாம். குடித்திருக்கிறவருக்கு நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லவும் அவரால் முடியும். கலைஞர் முதுகுக்குப் பின்னால் கைகட்டி ஒருவரை நிறுத்துவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காவலரைப் பார்த்தால் அவரைச் சீண்டிப் பார்க்கத்தான் சிலருக்குத் தோன்றும்.

இரண்டாமவர் கலைஞரின் முகமும் இடது கையும் தெரியும் இடத்தில் நிற்பார், வேறு வேலை கிடையாது. நுனி மழுங்கிய, கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோல் அவர் பையில் இருக்கும். நிறுத்து என்று சொல்ல அவருக்கும் முழு உரிமை உண்டு. கலைஞரின் அனுமதி தேவையில்லை. நடுவில் எழுந்து நீ ஏன் நிறுத்தினாய் என்று கலைஞர் சண்டைக்குப் போகக்கூடாது. இதை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். மூன்றாமவர் வாசலில்: கை சுத்தம் செய்யும் திரவம், படம் எடுக்கப்படுகிறது என்ற அறிவிப்பு, சிறுவர்கள் பெரியவர் துணையோடுதான் என்ற விதி எல்லாம் அவர் பொறுப்பு.

அரங்கின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்; உடலைத் தொடுவார்கள் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். ஆடையின்றிச் செய்வது தனிக் கணக்கு. அப்ரமோவிச்சும் அவரோடு சேர்ந்து இயங்கிய கலைஞர் உலாயும் 1977இல் பொலோனியாவில் வாசலின் இரு பக்கமும் நிர்வாணமாக நின்று, வருகிறவர் நடுவே உரசிப் போகும்படி செய்த நிகழ்வைக் காவல்துறை பாதியில் நிறுத்தியது. இந்த நூல் நிகழ்வுக்கு முழுக்கை வைத்த, உடலோடு ஒட்டிய, வெளிர்நிறப் பருத்தி உடையே நல்லது. நூல் கரும் நிறமாக இருந்தால் படத்தில் கோடு தெளிவாக விழும். மோதிரம், கடிகாரம், பொத்தான், பை எதுவும் வேண்டாம். கடைசியில் உடையோடு சேர்த்து வெட்ட வேண்டி வரலாம் என்பதால் பழைய உடையாக இருக்கட்டும்.

ஒத்திகை

முதல் வாரம் நாற்காலியில் 30 நிமிடம், பிறகு 60, பிறகு 110. நிகழ்வைவிட ஒத்திகை நீளமாக இருக்க வேண்டும். அசையாமல் இருப்பது என்றால் மரம்போல் இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கால்விரலைத் தரையில் அழுத்தி ஆடுசதையை இறுக்கித் தளர்த்துங்கள், எடையை ஒரு பக்க இடுப்பிலிருந்து மறுபக்கம் மாற்றுங்கள். காலில் தேங்கும் இரத்தம் மேலே ஏற இது வேண்டும். நின்று செய்யும் நிகழ்வு என்றால் இது இன்னும் முக்கியம். முட்டியைப் பூட்டி நிற்பவர்தான் முதலில் மயங்கி விழுவார்.

அடுத்து மோசமான ஒத்திகை. உதவியாளர்கள் கெட்ட பார்வையாளராக நடிக்கட்டும்: ஒருவர் காதருகே வந்து ஏதோ கிசுகிசுப்பார், ஒருவர் தொடையில் தேவையில்லாமல் கை வைப்பார், ஒருவர் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டுவார், ஒருவர் சுண்டி இழுப்பார், ஒருவர் கழுத்தில் கட்டப் போவார். ஒவ்வொன்றுக்கும் எதைச் சகிப்பது, எதற்குக் கண்ணால் பார்ப்பது, எதற்கு உருண்டையை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். கழுத்துக்கு யோசனையே இல்லை, உடனே உருண்டை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முடிவெடுக்கப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றே மனது சொல்லும்.

நிகழ்வு நாளில் இரண்டு மணி நேரம் முன்பு லேசான சாப்பாடு. தண்ணீரை முக்கால் மணி நேரம் முன்பு நிறுத்திவிட்டுக் கழிவறை போய்வாருங்கள். அறை 25 முதல் 27 பாகை செல்சியஸ். நடமாடும் பார்வையாளருக்கு அது புழுக்கம், அசையாத உங்களுக்கு அதுதான் சரி.

முதல் கை

தொடங்கியதும் யாரும் வரமாட்டார்கள். ஐந்து நிமிடம் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம். நண்பரைக் கூட்டத்தில் ஒளித்து வைத்து முதலில் அனுப்புவது பலர் செய்யும் தந்திரம். வேண்டாம், தெரிந்தவர் நடப்பதிலேயே தெரிந்துவிடும். அதைவிட, முதல் நூலை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். உருண்டை இன்னும் மேசையில் இருக்கும்போதே ஒரு நூலை எடுத்து, இடது மணிக்கட்டில் ஒரே சுற்று, உள்ளே ஒரு விரல் நுழைத்து இடைவெளி பார்த்து, ஒற்றை முடிச்சு. மறுமுனையைத் தரையில் வட்டத்தின் கோடுவரை நீட்டி விடுங்கள். பிறகு உருண்டையை வாங்கிக்கொண்டு உட்காருங்கள். எங்கே கட்டுவது, எவ்வளவு இறுக்குவது, எத்தனை சுற்று என்று அட்டை சொல்லாத எல்லாவற்றையும் அந்த ஒரு முடிச்சு சொல்லிவிடும். விரல் நுழைத்துப் பார்த்ததைப் பார்த்தவர்களில் பலர் தாங்களும் நுழைத்துப் பார்ப்பார்கள்.

ஏனென்றால் வருகிறவர் அட்டையைப் பார்த்துச் செய்வதைவிட முன்னால் போனவரைப் பார்த்துச் செய்வதே அதிகம். அவர் செய்ததையே செய்து, அதன் மேல் ஒரு படி கூட்டுவார். ஐந்தாவது ஆள் முடிச்சை இறுக்கினால் எட்டாவது ஆள் இரண்டு கையையும் சேர்ப்பார். இந்த ஏற்றத்தை உடைக்கக் கலைஞரிடம் இருப்பது கண் மட்டும்தான். கட்டுகிறவர் முகத்தைப் பாருங்கள், முறைக்காமல், கெஞ்சாமல். நேப்பிள்ஸில் 6 மணி நேரம் முடிந்ததும் அப்ரமோவிச் கூட்டத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். அவர் முகத்தைச் சந்திக்க முடியாமல் ஆட்கள் விலகி ஓடியதாக அவரே சொல்லியிருக்கிறார். முகத்தைக் கடைசிவரை ஒத்திவைக்காதீர்கள், முதல் ஆளிலிருந்தே காட்டுங்கள்.

பாதி நேரத்தில் இரண்டாம் உதவியாளர் ஒருமுறை வட்டத்துக்குள் வந்து இரு கையிலும் ஒரு நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால், விரல் நீலமோ சில்லிப்போ காட்டினால், அந்தக் கையிலுள்ள நூலை அங்கேயே வெட்டலாம். பார்வையாளர் இதைப் படைப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்வார்கள், ஒளித்துச் செய்யாதீர்கள்.

முடிப்பது

நூல் தீர்வது, 90 நிமிடம் ஆவது, உருண்டை விழுவது: இதில் எது முந்துகிறதோ அதுதான் முடிவு. முதல் இரண்டில் எது வந்தாலும் கலைஞர் தானே உருண்டையை விடட்டும், அப்போது முடிவின் ஒலி எப்போதும் ஒன்றுதான். எல்லோரும் நூலை விட்டதும், நூல்கள் தொங்கத் தொங்க எழுந்து நடந்து வெளியேறுங்கள். கைதட்டலுக்கு நிற்க வேண்டாம். முதல் எட்டுக்கு உதவியாளர் தோள் பக்கத்தில் இருக்கட்டும், கால் மரத்திருக்கும்.

உள்ளறையில் முதலில் மணிக்கட்டும் மார்பும். கத்தரியின் மழுங்கிய நுனியைத் தோலுக்கும் நூலுக்கும் நடுவே விட்டு, முடிச்சுக்கு எதிர்ப்பக்கத்தில் வெட்டுங்கள். முடிச்சு முழுதாக மிஞ்சும். ஒவ்வொருவர் கட்டியதும் ஒவ்வொரு விதமாக இருக்கும், பாதுகாக்கத் தகுந்தது அதுதான். எண் ஒட்டிய சின்னப் பைகளில் போடுங்கள், பெயர் வேண்டாம். மேசையில் இருந்தவர் எத்தனையாவது நூல் எந்த நிமிடத்தில் போனது என்று குறித்த தாளும், முக்காலித் தாங்கியில் அசையாமல் நின்ற ஒரே கேமராவின் பதிவும் போதும். வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றிப் படம் பிடிப்பவர் இன்னொரு நடிகராகிவிடுவார்.

போர்வை, தண்ணீர், அரை மணி நேரம் யாரும் கேள்வி கேட்காத அமைதி. தோலில் விழுந்த பள்ளங்கள் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். மறுநாள் காலையிலும் சுண்டுவிரலோ கட்டைவிரலோ மரத்தே இருந்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபட்டால், தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நூல் இருந்தது என்று அவர் கேட்பார், அந்த நேரத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.